ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர்: வாங்கலாமா?

செக் என்ஜின் லைட் எரிஞ்சாலே வயித்துல புளிய கரைக்கும், அதான் வண்டியோட கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறப் படிக்கிற இந்த குட்டி ஓபிடி ஸ்கேனர வாங்குனேன். ஸ்டியரிங்குக்கு கீழ இருக்குற 16 பின் சாக்கெட்ல சொருகி ஃபோன்ல ஆப்ப கனெக்ட் பண்ணா போதும், என்ன கோளாறுன்னு சொல்ற கோடு (code) வந்துரும். எனக்கு வந்தது பி0301, அதாவது முதல் சிலிண்டர்ல மிஸ்ஃபயர், எரிபொருள் சரியா எரியல. மெக்கானிக் என்னடான்னா பார்க்காமலே எரிபொருள் பீச்சுற இன்ஜெக்டர் போச்சு, எல்லாத்தையும் மாத்தணும்னாரு, நான் வீட்டுக்கு வந்து ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் குடுக்குற இக்னிஷன் காயில, 1-வது சிலிண்டர்ல இருந்து கழட்டி 2-வதோட மாத்தி மாட்டி ஓட்டிப் பார்த்தேன், கோடு பி0302-ன்னு, அதாவது 2-வது சிலிண்டர் மிஸ்ஃபயர்னு மாறிடுச்சு, அப்ப காயில் தான் கோளாறு! ஒரே ஒரு காயில் மாத்துனேன், வண்டி பழையபடி ஸ்மூத்.

கூலன்ட் சூடு, பேட்டரி வோல்டேஜ்லாம் ஓடும்போதே தெரியுது, சூப்பர். ஆனா ஏபிஎஸ் (பிரேக் சிஸ்டம்), ஏர்பேக் லைட்டு எரிஞ்சா இது ஒண்ணும் சொல்லல, அதுக்கு வேற ஸ்கேனர் வேணும். ப்ளூடூத் வேற அப்பப்ப கட் ஆகுது, கடுப்பு. வண்டிய நாள் கணக்கா நிறுத்துனா மறக்காம புடுங்கிருங்க, பேட்டரிய கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். அப்புறம் கோட அழிச்சா ரிப்பேர் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க, கோளாறு இருந்தா லைட் திரும்ப வரும். என் கணக்குல 5-க்கு 4.