இழுவை மடியா, தூண்டிலா?

குமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் ‘வெட்ஜ் பாங்க்’ என்ற பெரிய மேட்டுப்பகுதி இருக்கிறது. கலவாயும் கணவாயும் செழித்து வாழும் இடம். அது அப்படியே இருக்க வேண்டுமானால், எந்த முறையில் மீன்பிடிக்கிறோம் என்பதைப் பேசித்தான் ஆகவேண்டும்.

இழுவை மடி என்பது படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை; கடல்தரையை உரசிக்கொண்டே போகும். அது கிளறிய இடத்தில் பாசியும் சிப்பியும் மீன் ஒதுங்கும் மறைவுகளும் சிதைகின்றன. கண்ணி சிறிதாக இருந்தால் குஞ்சுகளும் வாரி வரும். கரையில் அந்தப் பொடிமீன் தீவனத்துக்குப் போகிறது. ஒரு வருடம் விட்டிருந்தால் குழம்புக்கு வந்திருக்கும் மீன் அது! பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆனால் இறாலைத் தூண்டிலில் பிடிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பேர்போனவர்கள். நடுநீரில் தொங்கும் தூண்டில் தரையைத் தொடாது. கொக்கியின் அளவை வைத்துச் சிறு மீனையும் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். சரி, இதிலும் ஆமை மாட்டும், மெதுவாக வளரும் சுறாவும் குறையும். ஆமை விழுங்குவதைக் குறைக்க வட்டக் கொக்கி உதவும்.

விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் உண்டு: கிழக்குக் கரையில் சேரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல், மேற்குக் கரையான குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல். அந்த ஓய்வு இரண்டு முறைக்கும் தேவை. மீதி நாட்களுக்கு என் ஓட்டு தூண்டிலுக்கே. மடி வைத்திருப்பவர்கள் மாற விரும்பினால் அரசு கைகொடுக்க வேண்டும், கடனைத் தலையில் கட்டக் கூடாது.