ரெஸ்யூமே எழுதக் காசு கொடுத்து ஏமாந்தேன்: பெங்களூரு எம்.பி.ஏ. மாணவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் எம்.பி.ஏ. முதலாம் ஆண்டு படிக்கிறேன். அதற்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் இரண்டு வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுப்பவனாக, இருந்தேன். சம்மர் இன்டர்ன்ஷிப் தேர்வு நெருங்கியபோது, ரெஸ்யூமே எழுதித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 6,500 ரூபாய் கொடுத்தேன். பணம் போனதைக்கூட விடலாம். என் பெயரில் பொய்யை எழுதிக் கையில் கொடுத்தார்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை. அடுத்த பேட்ச் தம்பி தங்கைகளும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கோரமங்களாவில் ஆபீஸ் என்றார்கள். ஆனால் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பேசியவர் தமிழ்க்காரர். "நம்ம ஊர்ப் பையன், உனக்குத் தனியாப் பார்த்துச் செய்றேன் தம்பி" என்றார். வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஊரில் அந்தத் தமிழைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. "ஏ.டி.எஸ். ஸ்கோர் 95க்குக் குறையாது, ஷார்ட்லிஸ்ட் கியாரண்டி" என்றும் சொன்னார். ஏ.டி.எஸ். என்பது வரும் விண்ணப்பங்களைப் படித்துப் பிரித்து வைக்கும் மென்பொருள். கம்பெனிக்குக் கம்பெனி அது வேறுபடும். எல்லோருக்கும் பொதுவான மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. அந்த 95 அவர்களாகப் போட்டுக்கொண்ட எண். அன்றைக்கு எனக்கு இது தெரியாது.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஒரு தனிநபரின் யு.பி.ஐ.க்கு அனுப்பச் சொன்னார். பில் கிடையாது. பிறகு ஒரு ஃபார்ம் வந்தது: பெயர், மார்க், கம்பெனி, வருடம், போட்டோ. திருப்பூரில் நான் என்ன வேலை செய்தேன் என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்து பி.டி.எஃப். வந்தது. எங்கள் கல்லூரியில் ஒரே பக்கம்தான், போட்டோ கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். வந்ததோ இரண்டு பக்கம், போட்டோவோடு. இடதுபுறம் நீலப் பட்டை, எக்செல் தெரியும் என்பதற்கு நான்கு நட்சத்திரம். அதில் இருந்ததை எல்லாம் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். இடதும் வலதுமாக இருந்த இரண்டு பத்தியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, கம்பெனி பெயருக்கு நடுவே மொபைல் நம்பர் நின்றது. மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரிய வாய்ப்பு உண்டு. யார் செய்து கொடுத்த ரெஸ்யூமே ஆனாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

அதைவிட மோசம் உள்ளே இருந்தது. "விற்பனையை 32 சதவீதம் உயர்த்தினார்." "15 பேர் கொண்ட குழுவை வழிநடத்தினார்." நான் ஒரு சீனியர் மெர்ச்சண்டைசருக்குக் கீழே வேலை பார்த்தவன், எனக்குக் கீழே யாருமே இல்லை. போன் செய்து கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க தம்பி, யாரு செக் பண்ணப் போறா?" என்கிறார். எங்கள் பிளேஸ்மென்ட் கமிட்டி ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்கும். சான்றிதழோ மேனேஜரின் மெயிலோ இல்லையென்றால் அந்த வரி போய்விடும். அதையும் தாண்டிப் போனால் இன்டர்வியூவில் "இந்த 32 எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். அங்கே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே?

மதுரையில் வங்கிக் கிளையில் வேலை பார்த்துவிட்டு வந்த வகுப்புத் தோழியும் அதே ஆளிடம் பணம் கட்டியிருந்தார். இரண்டு ரெஸ்யூமேயையும் மெஸ் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பனியன் கம்பெனிக்கும் அதே 32, வங்கிக்கும் அதே 32. அதே 15 பேர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, திருத்தம் வேண்டுமானால் இன்னும் 1,500 என்றார். அப்புறம் பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடலையும் யு.பி.ஐ. ரெஃபரன்ஸ் எண்ணையும் அழிக்காமல் வைத்திருந்தது கைகொடுத்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால், 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய விவகாரங்களுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பணம் இன்னும் வரவில்லை.

கடைசியில் ரெஸ்யூமே எழுதி முடித்தது அல்சூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் ஆண்டு படிக்கும் நாகர்கோவில் அக்கா ஒருவர் டீக்கடையில் உட்காரவைத்துக் கேள்வியாகக் கேட்டார். "எத்தனை பையர் பார்த்த?" (பையர் என்றால் எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்கும் கம்பெனி.) மூன்று. "எத்தனை ஸ்டைல்?" ஒரு சீசனுக்கு 22. "நீ வந்ததுக்கு அப்புறம் அங்க என்ன மாறுச்சு?" யோசித்துப் பார்த்தால், ஃபிட் சாம்பிள், அதாவது அளவு சரியா என்று பார்க்க பையருக்கு அனுப்பும் மாதிரி உடை, அதன் அப்ரூவல் எங்கே நிற்கிறது என்று மூன்று பேர் மூன்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததை நான்தான் ஒரே எக்செல் ஷீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்ரூவலுக்கு ஆன 14 நாள் 9 நாளாகக் குறைந்தது. இதை ஒரு சாதனையாகவே நான் நினைத்ததில்லை. அக்கா அதைத்தான் முதல் வரியாகப் போடச் சொன்னார். என்ன செய்தேன், எத்தனைக்கு, என்ன குறைந்தது, அவ்வளவுதான் அந்த வரி. பழைய மேனேஜருக்கு எழுதிக் கேட்டேன், அன்று சாயங்காலமே உறுதி செய்து மெயில் போட்டார். கமிட்டி அந்த வரியில் கை வைக்கவில்லை.

போன வாரம் அடுத்த பேட்ச் ஜூனியர்கள் குரூப்பில் ஒரு விளம்பரம் வந்தது. நம்பர் வேறு, பெயர் வேறு. ஆனால் அதே 95, அதே "நம்ம ஊர்ப் பையன்". அந்த மெசேஜ் உங்களுக்கும் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.