‘ரெடி டு ஃப்ளை’ ஆர்சி ப்ளேன் செட் வாங்குகிறீர்களா? முதலில் பேட்டரியைத் தராசில் வையுங்கள்

ஆன்லைனில் ‘ரெடி டு ஃப்ளை’ (பெட்டியைப் பிரித்ததும் பறக்கவிடலாம்) என்று விற்கும் ஆர்சி ப்ளேன், அதாவது ரிமோட்டில் பறக்கும் குட்டி விமான செட்டுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். “பைண்ட் பண்ணி (ரிமோட்டையும் ப்ளேனையும் இணைத்து), பறக்கவிட்டு டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறோம்” என்று சொல்லி ஒரு விற்பனையாளர் அனுப்பிய செட்டைப் பிரித்து அளந்ததில் தெரிந்தவை கீழே. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் வேண்டாம்.

இறக்கை முனைக்கு முனை 1.2 மீட்டர் உள்ள ஃபோம் ட்ரெய்னர் (பழகுபவர்களுக்கான ப்ளேன்), 2212 மோட்டார் 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு 1000 சுற்று), 30 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), 10 இன்ச் ப்ராப் (முன்னால் சுழலும் விசிறி). இவற்றில் குறையில்லை. ஏமாற்று வேலை பேட்டரியில்.

லேபிளில் 3எஸ் (மூன்று செல்), 2200 எம்ஏஎச் (கொள்ளளவு), 60சி (எவ்வளவு வேகமாக மின்சாரம் தரும் என்ற அளவு) என்று இருந்தது. சமையலறை டிஜிட்டல் தராசில் 118 கிராம்தான் காட்டியது. உண்மையான 2200 பேக் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சுமாராக 170 முதல் 190 கிராம் வரும். கொள்ளளவு வேண்டுமென்றால் உள்ளே அதற்கேற்ற சரக்கு இருந்தாக வேண்டும். லேபிளில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எடையை அச்சடிக்க முடியாது. செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றி, 1 ஆம்பில் 3.3 வோல்ட் வரை இறக்கியதில் சார்ஜர் காட்டியது 1310 எம்ஏஎச். நீல ஷ்ரிங்க் உறையின் ஓரத்தைத் தூக்கினால் அடியில் இன்னொரு உறை, அதில் ‘1300’ என்ற எழுத்து.

கொஞ்ச நேரம் குறைவாகப் பறக்கும், அவ்வளவுதானே என்று விட்டுவிடாதீர்கள். 2200 என்று நம்பி 1சி-யில், அதாவது கொள்ளளவுக்குச் சமமான 2.2 ஆம்பில், சார்ஜ் போடுவீர்கள். அந்த 1300 செல்லுக்கு அது 1.7சி. சூடாகும், நாளடைவில் உப்பும். சராசரி 12 ஆம்ப் இழுக்கும் ப்ளேனுக்கு, 80 சதவீதம் மட்டும் செலவழிக்கும் கணக்கில் 8 நிமிட டைமர் வைப்பீர்கள். ஆறரை நிமிடத்திலேயே இந்த பேக் காலி, நடு வானில் மோட்டார் நின்றுவிடும்.

இதைவிட மோசமானது சிஜி, அதாவது ப்ளேன் சமநிலையில் நிற்கும் புள்ளி. இந்த ப்ளேனின் பேட்டரி மூக்கில், சிஜி-க்கு 180 மில்லிமீட்டர் முன்னால் உட்காருகிறது. 900 கிராம் ப்ளேனில் அங்கே 60 கிராம் குறைந்தால் சிஜி ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் பின்னால் போகும். இறக்கையின் அகலம், முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை, 200 மில்லிமீட்டர். ட்ரெய்னருக்கு முன் விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதம், அதாவது 50 முதல் 60 மில்லிமீட்டரில் சமநிலை நிற்க வேண்டும். விற்பவர் சிஜி ஸ்டிக்கரையே 80 மில்லிமீட்டரில் ஒட்டியிருக்கிறார், லேசான பேட்டரியோடு நிற்கிற இடத்தில் ஒட்டிக் கணக்கை நேர் செய்ததுபோல! வால் கனத்த ப்ளேன் கையை விட்டதும் மூக்கைத் தூக்கும், எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) இறக்கினால் குப்புறப் பாயும், பழகாதவரால் அடக்க முடியாது. ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஸ்கேலால் அளந்து குறித்து, இரண்டு விரல்களில் தூக்கிப் பாருங்கள். மூக்கு இம்மி இறங்கி நின்றால் நல்லது.

சர்வோக்களை (வால், இறக்கைத் தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டார்கள்) மெட்டல் கியர் என்றார் விற்பவர். அந்த வகை ஒன்று 13 கிராம் அளவில் இருக்கும், வந்தவை 9 கிராம். அடியிலுள்ள நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் வெள்ளை பிளாஸ்டிக் பல். ட்ரெய்னருக்கு பிளாஸ்டிக் போதும்தான், ஆனால் மெட்டலுக்கு வாங்கிய காசு?

‘டெஸ்ட் பண்ணியாச்சு’ என்ற பேச்சும் பொய். ப்ராப்பைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலை (மோட்டார் வேகம்) கால்வாசி ஏற்றி, டிரான்ஸ்மிட்டரை (கையிலுள்ள ரிமோட்) ஆஃப் செய்தால் மோட்டார் நிற்க வேண்டும். இதில் ஓடிக்கொண்டே இருந்தது. சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் செட்டிங்கை வைக்கவே இல்லை. சிக்னல் அறுந்தால் சுழலும் ப்ராப்போடு ஆள் மேல் வந்து விழும் செட் இது. த்ராட்டில் சேனலுக்கு ஃபெயில்சேஃபை பூஜ்யத்தில் வைத்து, மறுபடி ஆஃப் செய்து பார்க்காமல் ப்ராப்பை மாட்டவே கூடாது.

பார்சல் வந்தால் வெட்டுவதற்கு முன்பே வீடியோவை ஓடவிடுங்கள். பேட்டரி, சர்வோ எடையைத் தராசு தெரிய அதே வீடியோவில் காட்டுங்கள். “பாக்கெட் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது” என்பதுதான் இந்த விற்பனையாளர் சொன்ன பதில். 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசியதோடு விட்டுவிடாதீர்கள். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த பேக் ஏற்கெனவே உப்பியிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், கூரியரில் திருப்பி அனுப்பவும் வேண்டாம். போட்டோ எடுத்துவிட்டு, மணல் போட்ட மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். பிறகு மின்கழிவு எடுப்பவர்களிடம் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்று சொல்லியே கொடுங்கள்.