மலைநாட்டு ஈரத்தில் எம்எஸ்ரிஎஃப்ஏ: 1 மில்லிலீற்றர் அம்பூலா, பெரிய போத்தலா?

எண்ணெயில் உள்ள தாவர ஸ்ரெரோலை (கொலஸ்ரெரோலை ஒத்த தாவரச் சேர்மம்) ஜீசியில், அதாவது வாயு நிறவரைவியலில், அளப்பவர்களுக்குக் கடைசிப் படியில் கைகொடுக்கும் பொருளும் காலை வாரும் பொருளும் ஒன்றேதான்: சிலைலாக்கி, அதாவது ஸ்ரெரோலை எளிதில் ஆவியாகும் வடிவுக்கு மாற்றும் எம்எஸ்ரிஎஃப்ஏ போன்ற வினைபொருள். கொழும்பில் நாள் முழுக்க ஏசி ஓடும் ஆய்வுகூடத்தில் காற்று ஓரளவாவது உலர்ந்திருக்கும். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை குளிரில் யார் ஏசி போடப் போகிறார்கள்? ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்துவிடும். ஆகவே எங்கள் பக்கத்துக்கு வாங்க வேண்டியது, ஒருமுறை உடைத்துப் பாவிக்கும் 1 மில்லிலீற்றர் கண்ணாடி அம்பூல்தான். திறக்கத் திறக்க ஈரம் புகும் பெரிய போத்தல் வேண்டாம்.

ஈரம் பட்டால் எம்எஸ்ரிஎஃப்ஏ ஸ்ரெரோலைத் தேடிப் போவதற்கு முன் தண்ணீரிடம் செலவாகிவிடும். அரைகுறையாகச் சிலைலாக்கம் நடந்தால் ஒரே ஸ்ரெரோல் ஜீசி வரைவில் இரண்டு உச்சிகளாகப் பிரியும். ஒன்று ஒழுங்காக எழும். மற்றது வால் இழுக்கும். மொத்தம் குறைவாக வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அக நியமமான (ஒப்பிட்டுக் கணக்கிட அளந்து சேர்க்கும் பொருளான) பெற்றுலினில் இரண்டு ஐதரொட்சில் கூட்டங்கள் உண்டு. அது முழுதாக மாறாமல் அதன் உச்சி சிறுத்துப் போனால், கணக்கில் ஸ்ரெரோல் பொய்யாகக் கூடிவிடும். விடை நம்பும்படி இருப்பதுதான் இங்கே ஆபத்து.

எண்ணெய் ஸ்ரெரோலை அளக்கும் சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 12228-1 முறைக்கு அம்பூலின் அளவும் பொருந்திப் போகிறது. 250 மில்லிகிராம் எண்ணெய், 1 மில்லிகிராம் பெற்றுலின், 0.5 மோலார் எதனோல் சேர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 5 மில்லிலீற்றர். இவற்றை ஒடுக்கி பொருத்தி 15 நிமிடம் கொதிக்க வைத்துச் சவர்க்காரமாக்கி, அலுமினா நிரல் வழியாகவும் பிறகு மென்படைத் தட்டிலும் பிரித்தெடுத்த பின், 1 மில்லிலீற்றர் எம்எஸ்ரிஎஃப்ஏயில் 50 மைக்ரோலீற்றர் 1-மெதில் இமிடசோல் கலக்க வேண்டும். மாதிரிக்கு 100 மைக்ரோலீற்றர், 105 பாகையில் 15 நிமிடம். ஓர் அம்பூல் உடைத்தால் வெறுமாதிரி (எண்ணெய் சேர்க்காதது) உட்பட எட்டு, ஒன்பது குப்பிகளுக்குத் தாராளமாகப் போதும். பெட்டியில் 1 கிராம் என்று அச்சிட்டிருந்தால் கவனம்: அது சுமார் 0.93 மில்லிலீற்றர்தான். அப்போது இமிடசோலையும் 46 மைக்ரோலீற்றராகக் குறையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கழுத்தை ஒடிக்காதீர்கள். அரை மணி நேரமாவது அறை வெப்பத்துக்கு வரட்டும். குளிர்ந்த கண்ணாடியில் படியும் பனித்துளி ஒன்று போதும், அம்பூலையே கெடுத்துவிடும். பிரித்தெடுத்த ஸ்ரெரோல் எச்சத்தையும் நைதரசனில் உலர்த்தி, உலர்த்திப் பேழைக்குள் ஆறவிடுங்கள். நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அந்தப் பேழை பயனற்றது. எதனோல் மிச்சமிருந்தாலும் அது சிலைலாக்கியைத் தின்றுவிடும்.

குறைகளும் உண்டு. மில்லிலீற்றர் கணக்கில் பார்த்தால் போத்தலைவிட விலை அதிகம். ஒடிக்கும்போது கண்ணாடித் துகள் உள்ளே விழுவதுண்டு. நுண்ணூசியை அடிவரை இறக்காமல் மேலிருந்து எடுங்கள். மீதியை மூடி வைத்து மறுநாள் பாவிக்க நினைப்பது வீண். மாதிரிகளைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் செய்ய முடியாதவர்களுக்கு இது கட்டுபடியாகாது.

ஒன்றை மட்டும் அம்பூல் சரிசெய்யாது: உயரம். ஏறத்தாழ 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் எதனோல் 78 பாகைக்குப் பதிலாக 73 பாகையளவிலேயே கொதிக்கும். சவர்க்காரமாக்கும் தாக்கம் மெதுவாகும். 15 நிமிட முடிவில் கரைசல் தெளியாமலிருந்தால், தெளியும் வரை தொடருங்கள்.

தேங்காயெண்ணெய் பார்ப்பவர்களுக்கு இந்தச் செலவு வீணில்லை. கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவு நியமத்தின் அளவுப்படி அதில் மொத்த ஸ்ரெரோல் கிலோவுக்கு 400 முதல் 1,200 மில்லிகிராம். பாம் எண்ணெயில் 300 முதல் 700. மொத்தத்தை வைத்துக் கலப்படம் பிடிக்க முடியாது. ஸ்ரெரோல்களில் ஒன்றான கம்பெஸ்ரெரோலின் பங்கைப் பாருங்கள்: தேங்காயில் 6 முதல் 11.2 வீதம், பாமில் 18.7 முதல் 27.5 வீதம். அந்த உச்சி இரண்டாகப் பிரிந்து நின்றால் வீதமே கைக்கு வராது. தேயிலை விதை எண்ணெய் இன்னும் சிக்கல். அதில் மேலோங்குவது டெல்ரா-7 வகை ஸ்ரெரோல்கள்; அவற்றில் ஒன்றான ஸ்பினாஸ்ரெரோலின் உச்சி பீற்றா-சிற்றோஸ்ரெரோலின் உச்சியோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். அதற்கு நல்ல சிலைலாக்கி மட்டும் போதாது, திணிவு நிறமாலைமானியும் வேண்டும்.