மாட்டுக்கறி பாஸ்தா சூப்: கொத்துக்கறியா, எலும்புக்கறியா?

மாட்டுக்கறியும் பாஸ்தாவும் போட்டு வயிறு நிறைய ஒரு சூப் வைக்கலாம் என்று செய்முறை தேடினால், பாதிக்கு மேல் கொத்துக்கறியில்தான் ஆரம்பிக்கும். வெங்காயம் வதக்கு, கொத்துக்கறியைக் கொட்டு, தக்காளி, தண்ணீர், கடைசியில் மக்ரோனி, அவ்வளவுதான். இன்னும் சில, எலும்பில்லாத துண்டுக்கறியைச் சொல்லும். மூன்றாவது வழி, நம் பக்கம் சூப் என்றாலே ஞாபகம் வருகிற எலும்போடு சேர்ந்த கால்கறி. மூன்றையும் எங்கள் வீட்டு அடுப்பில் ஏற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் கால்கறியில் வந்து நின்றுவிட்டோம். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொத்துக்கறி சீக்கிரம் வேகும், குழந்தைகளுக்கு மெல்லச் சுலபம். எலும்புக்கறிக்கு நேரம் பிடிக்கும், ஆனால் விலை குறைவு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் பீஃப் வாங்குவதில் சிரமமே இல்லை. ஆனால் அந்தச் செய்முறைகளை எழுதியவர் வாங்கும் கறியும் நாம் வாங்கும் கறியும் ஒன்றல்ல. அமெரிக்காவில் இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாடு ஒன்றரை, இரண்டு வயதில் கடைக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயது தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக முடங்கியது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். ஆக, நம் கைக்கு வருவது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த மாட்டின் கறி. நிறம் அடர்த்தி, மணம் அதிகம், நாரும் அதிகம். மாட்டுக்கு வயது கூடக்கூட சதைக்குள் இருக்கும் கொலாஜன் என்ற சவ்வுப் புரதம் இறுகிக்கொண்டே போகும். ‘ஒரு மணி நேரம் சிறு தீயில் வைக்கவும்’ என்று எழுதியிருப்பதை நம்பித் துண்டுக்கறியை அடுப்பில் வைத்தால், பாஸ்தா குழைந்து போயிருக்கும், கறி ரப்பராக நிற்கும்.

இந்த விஷயத்தில் கொத்துக்கறிக்கு ஒரு சாதகம் உண்டு. நாரைக் கத்தியோ இயந்திரமோ ஏற்கெனவே அறுத்துவிட்டதால், கிழட்டு மாடு என்றாலும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வாயில் வைக்கலாம். ஆனால் வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். ஏற்கெனவே அரைத்துத் தட்டில் குவித்து வைத்திருப்பதை நான் வாங்குவதில்லை. பொடியாக அரைபட்ட கறியில் காற்றுப் படும் பரப்பு அதிகம். கெடுவதும் அதே வேகத்தில்தான். துண்டைக் காட்டி, கண் முன்னால் கொத்தித் தரச் சொல்லுங்கள். கத்தியால் கொத்தியது இன்னும் நல்லது; சூப்பில் கொஞ்சம் கடிபடும். இயந்திரத்தில் இரண்டு முறை ஓடியது தண்ணீரில் மாவாகக் கரைந்து, அடியில் மண் மாதிரி படியும்.

எலும்பில்லாத துண்டுக்கறியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடைக் கறியில் கொழுப்பும் சவ்வும் குறைவு. குக்கரில் வைத்தால் வெந்துவிடும்தான், ஆனால் நார் நாராகப் பிரிந்து வறண்டு போகும். சாறும் தண்ணீராகவே நிற்கும். அதே கறியை மிளகுபோட்டு வறுத்தால் அருமையாக இருக்கும். சூப்புக்கு வேண்டாம்.

இனி கால்கறி. கடையில் நான் கேட்பது, ‘பாய், முன்னங்கால்ல சதையோட முக்கால் கிலோ குடுங்க.’ அவர் கேட்பது, ‘நல்லி ஒண்ணு சேர்த்து வெட்டட்டுமா அக்கா?’ ஒன்று போதும். நல்லி கூடினால் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை முழுக்க உருகிச் சாறு கொழகொழவென்று கொழுப்பேறிவிடும். கெண்டைச் சதையை விலக்கிப் பார்த்தால் நடுவில் கண்ணாடி மாதிரி வெள்ளை நரம்பு ஓடும். வறுவலுக்கு அதை வேண்டாம் என்று ஒதுக்குவார்கள். சூப்புக்கு அதுதான் முதல். நேரமும் சூடும் கிடைத்தால் அது கரைந்து ஜெலட்டினாகிச் சாற்றோடு கலக்கும். மாவும் கிரீமும் போடாமலே சூப் உதட்டில் லேசாக ஒட்டுவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. எலும்பைக் கத்தியால் அடித்து வெட்டினால் சில்லு தெறிக்கும். பெரிய துண்டாகவே வெட்டச் சொல்லுங்கள். வெந்ததும் சாற்றைச் சன்னமான வடிகட்டியில் வடித்துவிடுங்கள். குழந்தைகள் குடிக்கிற வீட்டில் இதை மட்டும் விடவே கூடாது.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. கழுவிய கறியை நன்றாகப் பிழிந்து ஈரம் போக வைக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் வறுபடாது, அவியும். குக்கரில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, கறியின் எல்லாப் பக்கமும் காப்பி நிறம் வரும்வரை வாட்டுங்கள். இரண்டு பெரிய வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, விரல் நுனி அளவு இஞ்சி, ஒரு பிரிஞ்சி இலை, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, கட்டிய கொத்தமல்லித் தண்டு. செலரி கேட்கும் இடத்தில் எனக்கு இந்தத் தண்டுதான். நாட்டுத் தக்காளி நான்கு, இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு. குக்கர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் 120 டிகிரியை ஒட்டிப் போகும். நம் மாட்டுக்கு அந்த இருபது டிகிரி கட்டாயம் வேண்டும். ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் உள்ளே கொதி பொங்கிச் சாறு கலங்கும். காரட், பீன்ஸ் எல்லாம் திறந்த பிறகுதான்.

மசாலா விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் பீஃப் என்றாலே கை தானாக மிளகாய் விழுதுக்குப் போகும். அரைத்துவிட்ட காய்ந்த மிளகாயும் பட்டை கிராம்பும் சேர்ந்தால் அது சால்னா. பரோட்டாவுக்கு ஏற்றது, பாஸ்தாவுக்கு இல்லை. முழுசாக ஒரு காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டால் போதும். அப்புறம், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் முள் கத்தரிக்காய் வீட்டில் இருக்கிறதே என்று அதையும் சிலர் போடுவார்கள். அது பிரியாணிக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கத்தரிக்காயாக உட்கார வேண்டியது. சூப்பில் குழைந்து விதைதான் மிதக்கும்.

விறகடுப்பில் தேக்சா வைத்து மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவிட்டால் சாறு இன்னும் தெளிவாக வரும் என்பார்கள். அப்படி வைத்ததைக் குடித்திருக்கிறேன், உண்மைதான். ஆனால் நானே வைத்ததில்லை, அதனால் அதற்கு மேல் சொல்லவில்லை. மின்சாரக் குக்கரும் அப்படித்தான். அக்கா வீட்டில் செய்து பார்த்ததில் நன்றாகவே வந்தது, நேரம் மட்டும் கூடப் பிடித்தது.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் கொத்துக்கறியும் கால்கறியும் சரிக்குச் சரி என்றுகூடச் சொல்லலாம். முதல் நாள் ராத்திரி, சுடச்சுடக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தால், கொத்துக்கறி சூப்பைக் குறை சொல்ல ஆள் கிடைக்காது. என் கணக்கு மாறியது மறுநாளால். இரண்டு லிட்டர் சூப்பை நான்கு பேர் ஒரே வேளையில் குடித்து முடிப்பதில்லை. மிச்சம் நிச்சயம். அந்த மிச்சம் என்னவாகிறது என்பதுதான் எது நல்லது என்று தீர்மானிக்கிறது.

மாட்டுக் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பைப் போலவே சீக்கிரம் உறையும். சூப் கொஞ்சம் ஆறினாலே மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். கால்கறிச் சாற்றை வடித்து ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள். மேலே வெள்ளையாக, வில்லையாக ஒரு மூடி. ஓரத்தில் ஸ்பூனை விட்டு நெம்பினால் முழுசாகக் கையோடு வரும். கீழே பாத்திரத்தை ஆட்டினால் ததும்பாது, அசையும். செம்பழுப்பு நிறத்தில் ஜெல்லியாக இறுகியிருக்கும். கரண்டியால் வெட்டி எடுத்துச் சூடாக்கினால் போதும், மறுபடி சாறு. கொழுப்பு போய்விட்டது, சுவை முதல் நாளைவிட ஒரு படி மேலே. கறியை எலும்பிலிருந்து உதிர்த்துத் தனி டப்பாவில், கொஞ்சம் சாறு ஊற்றி வைத்துக்கொண்டால் அதுவும் காயாது.

கொத்துக்கறியில் இது நடக்காது. மேலே மிதக்கிற கொழுப்பு உறையும்தான், ஆனால் பாதி கொழுப்பு கறிப் பொடியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே உறைந்திருக்கும். எடுக்கவும் முடியாது, சுடவைத்தால் திரும்ப எண்ணெயாகக் கக்கும். சாற்றிலிருந்து வடித்துப் பிரித்து வைக்கலாமா என்றால், கொத்துக்கறி, காரட், தக்காளித் தோல், பாஸ்தா எல்லாம் ஒன்றாகத்தான் வடிகட்டியில் நிற்கும்.

பாஸ்தா என்றதும் மிச்சத்தின் இன்னொரு எதிரி வந்துவிட்டது. உலர்ந்த பாஸ்தா வெந்தாலே எடை இரட்டிப்பாகும். சாற்றிலேயே ஊற விட்டால் ராத்திரி முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். காலையில் பாத்திரத்தில் சூப் இருக்காது. ஊதிப்போன மக்ரோனிக் கிச்சடிதான் இருக்கும். கொத்துக்கறிச் செய்முறைகள் எல்லாமே ஒரே பாத்திரம் என்ற வசதியைப் பெருமையாகச் சொல்லும். அந்த வசதி அன்றைக்கு ராத்திரியோடு சரி.

பாஸ்தாவைத் தனியாகத் தண்ணீரில் வேகவைத்துக் கிண்ணத்தில் போட்டு மேலே சூப் ஊற்றலாம் என்பார்கள். அதில் பாஸ்தாவுக்குச் சாறு ஏறாது, சப்பென்று இருக்கும். நான் செய்வது இரண்டுக்கும் நடுவில். அன்றைக்குக் குடிக்கப்போகும் அளவு சாற்றை மட்டும் வேறு பாத்திரத்தில் மொண்டு, அதில் பாஸ்தாவைப் போட்டு வேகவிடுவேன். ஆளுக்கு ஒரு பிடி, 40 கிராம் போதும். மீதிச் சாறு பாஸ்தாவைப் பார்க்காமலே ஃபிரிட்ஜுக்குப் போகும். மறுநாள் மறுபடி ஒரு பிடி, பத்து நிமிஷ வேலை. குக்கருக்குச் செலவழித்த முக்கால் மணி நேரம் இப்படித்தான் திரும்பக் கிடைக்கிறது.

வடிவம் உங்கள் விருப்பம். மக்ரோனி, சின்னச் சங்கு, எதுவானாலும் ஸ்பூனில் ஏறினால் சரி. ஆனால் பாக்கெட்டைத் திருப்பி, டியூரம் என்ற கடினக் கோதுமையின் ரவையில் செய்ததா என்று பாருங்கள். உதிரியாக எடை போட்டுத் தருவது பல சமயம் மைதா. ஒரு கொதி கூடினாலே கூழாகிவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்.

ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் முன் ஆறவைப்பதும் நம் ஊரில் ஒரு வேலைதான். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், இறைச்சிச் சாற்றை ராத்திரி முழுக்க மேடையில் மூடி வைத்தால் காலையில் புளித்த வாடை வரும். அந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்துக் கிளறினால் சீக்கிரம் ஆறும். மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீராகத்தான் வரும், ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் மூன்று நாள் தைரியமாக வைக்கலாம். எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கொதி வரட்டும். ஃப்ரீசரில் இன்னும் நாள் தாங்கும். நான் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துப் பார்த்ததில்லை.

சரி, கொத்துக்கறி யாருக்கு? மிச்சமே வராத வீட்டுக்கு. பத்துப் பேர் ஒரே பந்தியில் உட்காரும் வீட்டில், மறுநாள் என்ற பேச்சே இல்லை. இன்னொன்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜில் அறை எடுத்து, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள். ஒற்றை அடுப்பு, ஒற்றைப் பாத்திரம், ஃபிரிட்ஜ் கிடையாது. அவர்கள் கால் கிலோ கொத்துக்கறி வாங்கி அன்றைக்கே வைத்து அன்றைக்கே முடிப்பதுதான் புத்திசாலித்தனம். பல் கட்டியவர்கள், மெல்ல முடியாத பெரியவர்கள் இருந்தாலும் கொத்துக்கறி வசதிதான். ஆனால் அவர்களுக்கும் கால்கறியை வெந்தபின் பொடியாக உதிர்த்துத் தரலாம் என்பது என் கட்சி.

நெம்பி எடுத்த கொழுப்பை சிங்க்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வெந்நீரில் கரைந்து போகும், குழாயில் போய் மறுபடி உறைந்து அடைத்துக்கொள்ளும். சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். உருளைக்கிழங்கு வறுக்க எண்ணெய்க்குப் பதிலாக ஒரு ஸ்பூன் போட்டால் ஓரமெல்லாம் மொறுமொறுவென்று வரும்.