பிடித்தம் இல்லாத வருமானத்துக்கு வரி: அமெரிக்காவில் எந்த வழி யாருக்கு?

அமெரிக்காவில் ஃப்ரீலான்ஸ் வேலை, வாடகை, பங்கு விற்ற லாபம் ஆகியவற்றில் பொதுவாக யாரும் வரியைப் பிடித்துக்கொண்டு தருவதில்லை. மற்ற பிடித்தங்களும் வரிக் கழிவுகளும் போக 1,000 டாலரோ அதற்கு மேலோ பாக்கி நிற்கும் என்றால், ஆண்டு நடக்கும்போதே தவணையாகக் கட்ட வேண்டும். ஏப்ரலில் மொத்தமாகக் கட்டினாலும் அபராதம் வரலாம். அது வட்டி போலக் கணக்கிடப்படுகிறது. 2024இல் விகிதம் 8 சதவீதம். தவிர்க்க முக்கியமாக மூன்று வழிகள்.

தொழில் வருமானம் மட்டுமே உள்ளவருக்கு, போன ஆண்டு வரியை அளவுகோலாக வைப்பதுதான் நிம்மதி. போன ஆண்டின் மொத்த வரியை நான்காகப் பிரித்து ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 தேதிகளில் கட்டினால் போதும். வரி 18,000 டாலர் என்றால் தவணைக்கு 4,500. போன ஆண்டின் சரிக்கட்டிய மொத்த வருமானம் (அனுமதிக்கப்பட்ட சில கழிவுகள் போக மீதியுள்ள வருமானம்) 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் (தம்பதியர் தனித்தனியே தாக்கல் செய்தால் 75,000) 110 சதவீதம் கட்ட வேண்டும். 30,000 டாலர் வரிக்குத் தவணை 8,250. இந்த ஆண்டு வருமானம் இரட்டிப்பானாலும் அபராதம் கிடையாது. ஆனால் வரி குறைந்துவிடாது, மீதியை ஏப்ரலில் கட்டியே ஆக வேண்டும். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். பலர் தடுமாறுவது இன்னோரிடத்தில்: ஆண்டு வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் 1040 படிவத்தில் கடைசியாகக் கட்டிய பாக்கியை 'போன ஆண்டு வரி' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது 24ஆம் எண்ணில் உள்ள மொத்த வரி.

வருமானம் போன ஆண்டைவிடச் சரிந்திருந்தால் அந்த அளவுகோல் வீண் சுமை. அப்போது இந்த ஆண்டு வரியில் 90 சதவீதத்தைக் குறிவைக்கலாம். கணிப்பு தவறினால் காப்பு இல்லை. தவறுவதற்கு வழக்கமான காரணம், வருமான வரியை மட்டும் போட்டுவிட்டு சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுக்கும் போகும் 15.3 சதவீத சுயதொழில் வரியை மறப்பது. பணம் ஆண்டுக் கடைசியில் கொட்டினால், அது வந்த காலத்துக்கேற்பத் தவணையைக் கூட்டிக் குறைக்கவும் வழி உண்டு. அதற்கு, அபராதத்தைக் கணக்கிடும் 2210 படிவத்தில், வருமானத்தைக் காலப்பகுதிவாரியாகக் காட்டும் 'ஏஐ' (Schedule AI) அட்டவணையை நிரப்ப வேண்டும். காலப்பகுதிகள் சமமானவை அல்ல: 3, 2, 3, 4 மாதங்கள். ஒவ்வொன்றுக்கும் வரவு செலவைத் தனியாக எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதால், டிசம்பரில் பெரிய லாபம் பார்த்தவருக்குத்தான் இந்த உழைப்பு தகும்.

நீங்களோ துணைவரோ சம்பள வேலையில் இருந்தால் மூன்றாவது வழியே சிறந்தது. வேலை கொடுப்பவரிடம் தரும் டபிள்யூ-4 படிவத்தின் 4(சி) இடத்தில் சம்பளத்துக்குச் சம்பளம் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய தொகையை எழுதிக் கொடுங்கள். எப்போது பிடித்தாலும், அந்தத் தொகை ஆண்டு முழுக்கச் சமமாகக் கட்டப்பட்டதாகவே அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் எடுத்துக்கொள்ளும். தவணைக்கு இந்தச் சலுகை இல்லை: ஏப்ரல் தவணையை விட்டுவிட்டுச் செப்டம்பரில் இரண்டையும் சேர்த்துக் கட்டினாலும் இடைப்பட்ட மாதங்களுக்கு அபராதம் ஓடியிருக்கும். செப்டம்பரில் 6,000 டாலர் குறைவது தெரிந்து, இன்னும் 8 சம்பளம் பாக்கியிருந்தால், ஒவ்வொன்றிலும் 750 பிடிக்கச் சொன்னால் தீர்ந்தது. ஜனவரியில் படிவத்தை மறக்காமல் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிடித்தம் தொடரும்.

தவணை கட்டுபவர்களுக்கு ஐஆர்எஸ் தளத்தின் டைரக்ட் பே எளிது, கட்டணம் இல்லை. பணம் கட்டும் காரணமாக மதிப்பீட்டு வரியையும் (Estimated Tax, அதாவது இந்தத் தவணை வரி), சரியான ஆண்டையும் தேர்ந்தெடுங்கள். ஜனவரி 15 தவணை முந்தைய ஆண்டுக்கானது. அங்கே புதிய ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் பழைய கணக்கில் குறை விழும்.

மாநில வரி தனிக் கணக்கு. கலிஃபோர்னியாவில் தவணைகள் 30, 40, 0, 30 சதவீதம். கூட்டரசுத் தவணையைப் போல நான்காகப் பிரித்துக் கட்டுபவர்களுக்கு ஏப்ரலிலேயே குறைந்துவிடும்.