கரண்ட் பில்லைக் குறைக்க எது தோது: பிஎம்எஸ்ஸா, வைஃபை சாமானா, வெறும் ரைமரா?

இலங்கையில் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66 வீதம். பிறகு கட்டணம் இறங்கினாலும் அந்தப் பயம் இன்னும் விடவில்லை. இப்போது யாழ்ப்பாணத்தில் விடுதியோ புடவைக் கடையோ வைத்திருப்பவரிடம் ‘ஸ்மார்ட்’ சாமான் விற்க வருபவர்களுக்கு நல்ல காலம்.

வருகிற சரக்கு மூன்று வகை. ஏசி, விளக்கு, பம்பு எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டி ஓட்டும் கட்டட மேலாண்மை அமைப்பு ஒன்று, பிஎம்எஸ் என்பார்கள். வைஃபையில் வேலை செய்யும் சுவிட்ச், சென்சர், கூடவே போனில் ஒரு செயலி என்பது அடுத்தது. மூன்றாவதை யாரும் ஸ்மார்ட் என்று சொல்வதில்லை: செருகினால்தான் அறைக்குக் கரண்ட் வரும் சாவி அட்டை, ரைமர், கதவில் வைக்கும் காந்த சுவிட்ச்.

விலை கேட்கும் முன் பில்லில் உங்கள் வகுப்பைப் பாருங்கள். ஹொட்டேலுக்கு எச்-1, எச்-2. கடைக்கும் அலுவலகத்துக்கும் ஜிபி-1, ஜிபி-2. ஒப்பந்தச் சுமை, அதாவது ஒரே நேரத்தில் நீங்கள் இழுக்கக்கூடிய மின்சாரம், 42 கேவிஏ வரை என்றால் முதல் வகுப்பு, தாண்டினால் இரண்டாவது. இரண்டாவதில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை யுனிற் விலை உச்சம், 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. அதோடு உச்சக் கேள்விக் கட்டணம் (மாக்சிமம் டிமாண்ட்) என்று தனியாக ஒன்று: மாதத்தில் ஏதோ ஒரு கால் மணி நேரம் அதிகமாக இழுத்துவிட்டால் அந்த அளவுக்குத்தான் காசு. முதல் வகுப்பில் இருப்பவருக்கு யுனிற்றைக் குறைப்பது ஒன்றுதான் வழி. அவரிடம் ‘சுமையை இரவுக்கு மாற்றித் தருகிறோம்’ என்று ஒருவர் வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பிஎம்எஸ் நல்ல சாமான்தான், கட்டடம் அதற்கேற்றதாக இருந்தால். கட்டடம் முழுவதற்கும் குளிர் கொடுக்க நடுவில் ஒரு சில்லர் இயந்திரம், மாடிக்கு மாடி பெரிய விசிறிகள் என்று இருக்கும் இடத்தில் விசிறியின் வேகத்தை 80 வீதமாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பணம் மிஞ்சுவது அங்கேதான். எங்கள் ஊர் விடுதிகளிலோ அறைக்கு ஒரு ஸ்பிளிட் ஏசி. ஒவ்வொன்றையும் அந்தத் திரையோடு இணைக்கத் தனித்தனிக் கருவி வேண்டும். மிச்சம் பிடிப்பதை அந்தச் செலவே தின்றுவிடும். பழுதானால் ஆள் கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் வர வேண்டும். அதுவரை காவலாளி ‘மனுவல்’ பக்கம் திருப்பி வைப்பார். பிறகு அதை யாரும் மாற்றுவதில்லை. முழுநேரப் பொறியியலாளர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் வணிக வளாகத்துக்கும் மட்டும் இதைச் சொல்வேன்.

வைஃபை சாமான் மலிவு, ஆனால் சின்னச் சின்னத் தொல்லைகள் அதிகம். ரிமோட்டுக்குப் பதிலாக நிற்கும் அகச்சிவப்புக் கருவி கட்டளையை அனுப்புமே தவிர, ஏசி கேட்டதா என்று அதற்குத் தெரியாது. செயலியில் ‘ஓஃப்’ என்றிருக்கும், அறையில் குளிர் அடித்துக்கொண்டிருக்கும். அசைவைப் பார்க்கும் சென்சருக்குத் தூங்குகிறவரும் ஆளில்லாத அறையும் ஒன்றுதான். நடுச்சாமத்தில் ஏசி நின்று, விருந்தாளி வேர்த்துப்போய் வரவேற்பு மேசைக்கு வருவார். மூச்சசைவையும் பிடிக்கும் ரேடார் சென்சர் இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கூட. இந்த வகையில் எனக்குப் பிடித்த ஒரே வேலை, வெப்பநிலையை 24க்குக் கீழே போகவிடாமல் பூட்டுவது. ஒரு பாகை கூட்டினால் சுமார் 6 வீதம் மிச்சம் என்கிறது இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம். வெயிலில் வந்தவர் எல்லாரும் 18இல் வைக்கும் ஊரில் இது பெரிய காசு.

அப்புறம் அந்தப் பழைய சாமான்கள். சாவி அட்டை சுவிட்சில் யாரோ ஒருவருடைய விசிட்டிங் கார்ட்டைச் செருகிவிட்டு வெளியே போகிறவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். கதவுக் காந்த சுவிட்சை அப்படி ஏமாற்றுவது கஷ்டம்: பல்கனிக் கதவு இரண்டு நிமிடம் திறந்திருந்தால் ஏசி நிற்கும். மெயின் கரண்டை வெட்டாமல் ஏசியின் உள் பலகைக்கே சைகை கொடுக்கச் சொல்லுங்கள், கொம்பிரசருக்கு நல்லது. இரண்டாம் வகுப்பில் இருப்பவர் கிணற்றுப் பம்பையும் வெந்நீர்க் கீசரையும் ரைமரில் போட்டு விடியற்காலை 5.30க்குள் வேலையை முடித்துவிடலாம். சோலர் போட்டவர்களும் இதைச் செய்யத்தான் வேண்டும்; விலை ஏறும் நேரத்தில் வெயில் இருக்காது. இன்னொன்று, சோளகக் காற்று கொண்டுவந்து வெளி யுனிற்றில் அப்பும் புழுதிக்கு எந்தச் செயலியும் மருந்தில்லை. கழுவத்தான் வேண்டும்.

எச்-1 விடுதிக்குக் காந்த சுவிட்சும் 24 பூட்டும் போதும். எச்-2, ஜிபி-2 என்றால் இவற்றோடு உச்சச் சுமையைக் கவனிக்கும் சிறு கட்டுப்படுத்தி ஒன்று வேண்டும். வயர் இழுத்தது, வைஃபை அல்ல. வாங்கும் முன் விற்பவரிடம் ஒரு கேள்வி: கரண்ட் போய் வந்தால் உங்கள் சாமான் என்ன செய்யும்? நல்லூர்த் திருவிழாக் காலத்தில், அறையெல்லாம் நிறைந்திருக்கும்போது கரண்ட் வந்து 30 ஏசியும் ஒன்றாக முழு வேகத்தில் கிளம்பினால் அந்தக் கால் மணி நேரமே மாதத்தின் உச்சமாகப் பதிவாகிவிடும். நாலைந்து நாலைந்தாக இடைவெளி விட்டுத் தொடக்கித் தருகிறேன் என்பவரோடு விலை பேசுங்கள்.